கார்னியாவில் எத்தனை மைக்ரான் இருக்கிறது? லேசர் கண் சிகிச்சைச் சொற்கள், எளிமையாக

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் காரைக்குடியில் என் கண்ணாடிக் கடைக்கு எங்கள் ஆச்சி மகள் வந்தாள். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்.) பெங்களூரில் வேலை. தை மாதம் கல்யாணம். கையில் ஒரு கண் மருத்துவமனை ஃபைல். அதைக் கவுண்டர் மேல் போட்டாள்.

“அம்மான், மூணு மணி நேரம் மெஷின் மெஷினா உக்கார வச்சு எடுத்தாங்க. கடைசியில ஒரு பொண்ணு வந்து லாசிக்கா, கான்டூராவா, ஸ்மைலா, எது வேணும்னு கேக்குது. ஓட்டல்ல தோசை கேக்குற மாதிரி. எனக்கு ஒண்ணும் புரியல.”

மூன்றாம் வகுப்பிலிருந்து என் கடைக் கண்ணாடி போடுகிறவள், கண்ணாடியைக் கழற்றிப் போட என்னிடமே வழி கேட்கிறாள்! சரி. நான் டாக்டர் இல்லை. சீட்டைப் படித்து, லென்ஸ் வெட்டி, பிரேமில் பொருத்துகிறவன். ஆனாலும் அந்த ஃபைலில் இருந்த சொற்களில் பாதி என் வாயில் தினமும் புழங்குபவை. மீதியைத் தெரிந்து வைத்திருக்காவிட்டால் இந்தத் தொழிலில் இருக்க முடியாது. அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடிச் சீட்டு. அவள் சீட்டில் வலது கண்ணுக்கு −4.50, −1.00, 170 என்று மூன்று எண்கள் இருந்தன. ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது, லத்தீன் சுருக்கங்கள். முதல் எண் ஸ்பியர், இரண்டாவது சிலிண்டர், மூன்றாவது ஆக்சிஸ்.

ஸ்பியரில் மைனஸ் இருந்தால் கிட்டப்பார்வை. இந்தச் சொல்லைக் கடைக்கு வருபவர்களில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கிட்டப்பார்வைக்காரருக்குக் கிட்டத்தில் உள்ளது நன்றாகத் தெரியும், தூரம்தான் கலங்கல். பெரும்பாலும் விழி சற்று நீளமாக வளர்ந்துவிட்டிருக்கும். உள்ளே வரும் ஒளி பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும். பிளஸ் என்றால் தூரப்பார்வை, அங்கே விழி குட்டை.

பவர் என்று நாம் சொல்வதை அளக்கும் அலகு டயாப்டர். பேர்தான் பயமுறுத்தும், வீட்டிலேயே அளந்துவிடலாம். அன்று கடையில் ஒரு தையல் டேப்பை எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, செய்தித்தாளை மூக்கருகில் வைத்துப் படிக்கச் சொன்னேன். பிறகு மெல்லத் தள்ளிக்கொண்டே போகச் சொன்னேன். எழுத்து கலங்க ஆரம்பிக்கும் இடத்தில் டேப் 22 சென்டிமீட்டர் காட்டியது. 100-ஐ 22-ஆல் வகுத்தால் நாலரை. சீட்டில் மெஷின் எழுதிக் கொடுத்த அதே எண். “அட!” என்றாள். 22 சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண். ஒரு சாணுக்கு அப்பால் உள்ள உலகம் முழுக்க அவளுக்குக் கலங்கல். மைனஸ் 2 என்றால் அந்த எல்லை அரை மீட்டர், மைனஸ் 10 என்றால் வெறும் 10 சென்டிமீட்டர். சிலிண்டர் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வராது.

சிலிண்டர் என்பது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் பரப்பு, அதாவது கார்னியா, பந்து போல ஒரே சீராக இல்லாமல் முட்டையைப் படுக்க வைத்தது போல ஒரு பக்கம் அதிகம் வளைந்திருப்பது. எந்தக் கோணத்தில் என்பதை ஆக்சிஸ் சொல்கிறது, 1 முதல் 180 டிகிரிக்குள். லென்ஸ் பொருத்துகிறவனுக்கு இந்த எண்தான் எமன். ஆக்சிஸ் 10 டிகிரி தப்பிப்போனால் சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 30 டிகிரி தப்பினால் சிலிண்டர் வைத்ததும் வைக்காததும் ஒன்று. லேசரிலும் இதே தலைவலி உண்டு. உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவை வைத்துப் படுக்க வைத்துச் சிகிச்சை செய்வார்கள். படுத்தால் விழி லேசாக உருளும். அதனால்தான் முன்கூட்டியே கண்ணில் மையால் குறி வைப்பார்கள், அல்லது மெஷினே கருவிழியின் (ஐரிஸ்) வரிகளைப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்துகொள்ளும். ஃபைலில் ‘ஐரிஸ் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று இருந்தால் அது இதுதான்.

6/6 என்பதைப் பவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பவர் இல்லை, மதிப்பெண். நல்ல கண் 6 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படித்தால் 6/6. அவர் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்றால் 6/60. அமெரிக்காக்காரர்கள் இதையே அடியில் 20/20 என்பார்கள். 1862-இல் ஸ்னெல்லன் என்ற டச்சு டாக்டர் போட்ட எழுத்துப் பலகையிலிருந்து வந்த கணக்கு.

இனி லேசர்.

கண்ணின் மொத்தக் குவிக்கும் சக்தி ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் 43 வாக்கில் கார்னியாவே செய்துவிடுகிறது. உள்ளே இருக்கும் லென்ஸுக்கு மிச்சம்தான். ஆகவே கார்னியாவின் வளைவைக் கொஞ்சம் மாற்றினால் போதும், பவர் மாறிவிடும். லேசர் சிகிச்சையின் மொத்த ரகசியம் இவ்வளவுதான். நீண்டுபோன விழியை யாரும் குட்டையாக்குவதில்லை. நான் பிரேமில் மாட்டித் தரும் மைனஸ் நாலரையை அவர்கள் கண்ணின் மேலேயே செதுக்கித் தருகிறார்கள். கண்ணாடி போன பிறகும் விழித்திரை நீண்ட விழியின் விழித்திரைதான். அதிகப் பவர் இருந்தவர்கள் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்வதை நிறுத்தக் கூடாது.

செதுக்குதல் என்று சும்மா சொல்லவில்லை. லாசிக் (LASIK) என்ற சுருக்கத்தின் கடைசி எழுத்தான K-க்குரிய கெரடோமைலூசிஸ் என்ற கிரேக்கச் சொல்லே கார்னியாவைச் செதுக்குதல் என்றுதான் பொருள்படும். அந்தச் சொல்லுக்குரிய முறையைத் தொடங்கியவர் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இருந்த ஹோசே பாராக்கர். லேசர் இல்லாத காலம். கார்னியாவின் ஒரு சீவலை எடுத்து, உறைய வைத்து, கடைசல் பிடித்துத் திரும்ப வைத்திருக்கிறார்! நம் வீட்டுத் தூணுக்கும் கட்டில் காலுக்கும் பிடிக்கிறோமே, அதே கடைசல்.

உளி மாறியது 1981-இல். நியூயார்க் பக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். நன்றி செலுத்தும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு போய், எக்ஸைமர் லேசரை அதன்மேல் அடித்துப் பார்த்தார். சுற்றுப்புறம் கருகாமல், அளந்தது போல ஒரு வெட்டு விழுந்தது. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அது. சுட்டுப் பொசுக்குவதில்லை, மூலக்கூறுகளைக் கட்டியிருக்கும் பிணைப்புகளையே அறுக்கிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் வாக்கில்தான் எடுக்கும். (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்.) ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரு சக ஆய்வாளர்களோடு சேர்த்து 2013-இல் அதிபர் ஒபாமா கையால் அவருக்குத் தேசியப் பதக்கம் கிடைத்தது. சிகிச்சையின்போது முடி கருகும் வாடை வந்ததாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கண் எரிந்துவிடவில்லை, உதிர்ந்த துகளின் வாடை அது.

எத்தனை மைக்ரான் என்பதுதான் மற்ற எல்லாச் சொற்களையும் திறக்கும் சாவி. எங்கள் பூர்வீக வீட்டு நிலைவாசலை நினைத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். பர்மாத் தேக்கு. முகப்பில் கஜலட்சுமி, கொடி, கிளி என்று ஒரு விரல்கடை ஆழத்துக்குச் செதுக்கியிருக்கும். அதற்குப் பின்னால் முழு மரம் அப்படியே நிற்கும். மேலே சுவரின் பாரம் அதன் தலையில்தானே இறங்குகிறது? நன்றாயிருக்கிறது என்று ஆசாரி இன்னும் ஆழமாகப் போயிருந்தால் நிலை என்றைக்கோ வளைந்திருக்கும். கண்ணிலும் உள்ளிருந்து ஓர் அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. செதுக்கியது போக மிஞ்சும் கார்னியாதான் அதைத் தாங்க வேண்டும். தாங்காமல் முன்னால் பிதுங்கினால் அதற்குப் பெயர் எக்டேஷியா. அரிதுதான். வந்தால் பார்வை மோசமாகக் கெடும்.

கார்னியாவின் கனத்தை அளக்கும் பரிசோதனை பாக்கிமெட்ரி. சராசரி 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆறரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு டயாப்டருக்கு ஏறக்குறைய 14 மைக்ரான் போகும். இந்த அகலத்துக்கு ஆப்டிகல் ஜோன் என்று பெயர். அதைப் பெரிதாக்கினால் ராத்திரி வெளிச்சத்தில் தொந்தரவு குறையும், ஆனால் ஆழம் கூடும்.

அவளுடைய வலது கண்ணின் கனம் 512. ஸ்பியரும் சிலிண்டரும் சேர்ந்து ஐந்தரை; 14-ஆல் பெருக்கினால் 77. ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான்! லாசிக்கில் மேல் மடல் ஒன்றைச் சீவித் தூக்குவதற்கு 110. இரண்டையும் கழித்தால் மிச்சம் 325. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது பலர் 300-க்குக் கீழே போக விரும்புவதில்லை. மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று பார்ப்பவர்களும் உண்டு. இவளுக்கு 37. கல்லலிலிருந்து வரும் ஒரு பையனுக்கு மைனஸ் 9, கனம் 490. அவன் கணக்கைப் போட்டால் 254-தான் மிஞ்சும். டாக்டர் முடியாது என்று சொன்னபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஐ.சி.எல். வைத்துக்கொண்டான். கார்னியாவைச் செதுக்காமல், கருவிழிக்குப் பின்னால், சொந்த லென்ஸுக்கு முன்னால், மெல்லிய லென்ஸ் ஒன்றை உள்ளே செருகும் முறை அது. சொந்த லென்ஸ் அப்படியே இருக்கும். வேண்டாம் என்றால் வெளியே எடுத்துவிடலாம்.

இப்போது அந்த ‘தோசை’களுக்கு வருவோம். செதுக்கும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம்.

பழையது பி.ஆர்.கே. கார்னியாவின் மேல்தோல் 50 மைக்ரான். அதை நீக்கிவிட்டு நேராக லேசர் அடிப்பார்கள். தோல் தானாக வளர்ந்துவிடும். அதுவரை மூன்று முதல் ஐந்து நாள் கண்ணில் ஒரு பேண்டேஜ் லென்ஸ். முதல் சில நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும். விலை குறைவாக இருக்கும் என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். மடல் இல்லை என்பதால் கார்னியா மெலிந்தவர்களுக்கும், முகத்தில் அடிபட வாய்ப்புள்ள வேலை செய்பவர்களுக்கும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

லாசிக்கில் மேலே ஒரு மடல் சீவி, வெற்றிலைப் பெட்டி மூடியைப் போல ஒரு பக்கக் கீலில் திறந்து, உள்ளே செதுக்கி, மூடியைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். தையல் கிடையாது. மறுநாளே பார்வை தெளியும், வலி மிகக் குறைவு. மடலைப் பிளேடால் சீவுவது பழைய முறை. இன்னொரு லேசரால் நுண்ணிய குமிழ்களை நெருக்கமாக வைத்து, தபால்தலை ஓரத்துத் துளைகளைப் போலப் பிரித்தெடுப்பது ஃபெம்டோ லாசிக். ‘பிளேடு இல்லாதது’ என்று விளம்பரத்தில் வருவது இதுதான். அந்த மடல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டாலும் பழைய உறுதி முழுக்கத் திரும்புவதில்லை. கண்ணைக் கசக்காதே என்று டாக்டர் மறுபடி மறுபடி சொல்வது அதனால்தான்.

ஸ்மைலில் மடலே கிடையாது. ஃபெம்டோ லேசர் கார்னியாவுக்குள்ளேயே வில்லை வடிவத்தில் ஒரு சீவலைப் பிரித்து வைக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வாய் வழியாக டாக்டர் அதை வெளியே இழுத்துவிடுவார், நுங்கின் கண்ணிலிருந்து சுளையை எடுப்பது போல. லாசிக்கில் வெட்டின் சுற்றளவு 20 மில்லிமீட்டர் வரும். வெட்டு சிறிது என்பதால் கண் வறட்சி பொதுவாகக் குறைவு. ஆனால் பெரும்பாலும் மைனஸ் கண்ணுக்கும் அதோடு வரும் சிலிண்டருக்கும்தான் செய்வார்கள். பிறகு மிச்சப் பவர் தங்கிவிட்டால் அதே வழியில் உள்ளே போய்ச் சரிசெய்வதும் எளிதில்லை, பெரும்பாலும் பி.ஆர்.கே.தான் செய்வார்கள்.

கான்டூரா தனி அறுவை முறை இல்லை. கார்னியாவின் மேடு பள்ள வரைபடத்தைப் பார்த்து லேசர் அடிக்கும் ஒரு திட்டத்தின் வணிகப் பெயர். லாசிக்கோடு சேர்த்துச் செய்வது. அந்த வரைபடம் எடுப்பது டோபோகிராபி. என்னைக் கேட்டால் அந்த ஃபைலில் விலைப்பட்டியலைவிட முக்கியமான தாள் அந்த வண்ணப் படம்தான். கார்னியா கூம்பாகப் பிதுங்கும் கெரடோகோனஸ் என்ற நோய் தொடக்கத்தில் கண்ணாடிச் சீட்டில் தெரியாது, இந்தப் படத்தில் தெரிந்துவிடும். இருபதுக்கு முன்னும் பின்னும் வரும். கண்ணைக் கசக்கும் பழக்கத்தோடு அதற்குச் சம்பந்தம் உண்டு. அப்படிப்பட்ட கண்ணில் லாசிக் செய்வது, ஏற்கெனவே வளைந்த நிலையில் உளி வைப்பது போல. அதற்குத் தனிச் சிகிச்சை சி3ஆர். வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கார்னியாவை இறுக்குவது.

வறட்சி பற்றியும் ஒரு வார்த்தை. செதுக்கும்போது கார்னியாவின் நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரப்பது சில மாதம் குறையும். பெங்களூர் ஏசி அறையில் நாளெல்லாம் திரையைப் பார்ப்பவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது ஹாலோ. மிச்சப் பவருக்குப் பிறகு செய்யும் திருத்தம் என்ஹான்ஸ்மென்ட். செதுக்க மரம் மிஞ்சியிருந்தால்தான் அதுவும்.

பேச்சுக்கு நடுவே என் அயித்தை வந்தார்கள். 46 வயது, இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டரை. பனையோலைக் கொட்டான் முடைவதில் அவர்களுக்கு நல்ல பேர். “எனக்கும் லேசர் அடிச்சுவிடச் சொல்லேன்” என்றார்கள். கொட்டான் முடையும்போது கண்ணாடி போடுகிறீர்களா என்று கேட்டேன். கழற்றிவிட்டுத்தான் முடைவார்களாம், அப்போதுதான் ஓலை இழை பளிச்சென்று தெரியுமாம்.

அங்கேதான் விஷயம். நாற்பதுக்கு மேல் உள் லென்ஸ் இறுகிப் போவதால் கிட்டத்தில் குவிக்கும் சக்தி குறையும். அதுதான் வெள்ளெழுத்து, யாருக்கும் தப்பாது. மைனஸ் இரண்டரை உள்ளவருக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே 40 சென்டிமீட்டர் தூரம் துல்லியம், இயற்கை கொடுத்த படிக்கிற கண்ணாடி. அதை லேசரால் செதுக்கிப் போட்டுவிட்டால் பஸ் போர்டு தெரியும். கொட்டானுக்குப் புதிதாக ஒரு கண்ணாடி வாங்க வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் விட்டுவைக்கும் மோனோவிஷன் என்று ஒரு வழி இருக்கிறது, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. அயித்தை யோசித்துவிட்டு, “அப்ப இருக்கிறது இருக்கட்டும்” என்றார்கள்.

எங்கள் அப்பத்தாவுக்குக்கூட லேசர் வைத்தார்களே என்று அவர்கள் கேட்டது வேறு லேசர். அப்பத்தாவுக்குப் புரை எடுத்து உள்ளே செயற்கை லென்ஸ் வைத்தார்கள். அது பெரும்பாலும் அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து எடுப்பது. பிறகு லென்ஸுக்குப் பின்னால் ஆடை படிந்தபோது அதில் துளை போட்டது யாக் லேசர். ஆனால் புரைக்கும் லாசிக்குக்கும் ஒரு தொடர்பு உண்டு. இன்று செதுக்கிய கார்னியாவின் பழைய அளவு தெரியாவிட்டால், முப்பது வருடம் கழித்துப் புரைக்கு வைக்கும் லென்ஸின் கணக்கு தப்பலாம். அதனால் அந்த ஃபைலைக் கல்யாணச் சாமான் சிட்டையோடு இரும்புப் பெட்டியில் வை என்றேன்.

ஃபைலை மூடப் போகும்போதுதான் தோன்றியது. “கான்டாக்ட் லென்ஸ் எப்போ கழட்டுன?”

“டெஸ்டுக்குப் போன அன்னைக்குக் காலையில. அங்க போய்த்தான் கழட்டுனேன்.”

“யாரும் கேக்கலையா?”

“இல்லையே.”

லென்ஸ் கார்னியாவை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். மென் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் அதைவிட அதிக நாள் கழற்றி வைத்த பிறகுதான் இந்த அளவுகளை நம்பலாம். ஆகவே டோபோகிராபி, பாக்கிமெட்ரி, சீட்டு எல்லாமே மறுபடி. நாங்கள் போட்ட 325 கணக்கும் அதோடு போச்சு. அதுபோக, ஒரு வருடமாகப் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறாமல் இருக்கிறதா என்று என் பழைய பில் புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். மாறவில்லை. கல்யாணம் முடிந்து குழந்தை உண்டானால் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் செய்ய மாட்டார்கள், பவர் ஏறி இறங்கும் என்றேன். வெட்கப்பட்டு, போனை எடுத்து நாள் எண்ணினாள். இரண்டு வாரம் லென்ஸ் போடக் கூடாது. கையில் இருப்பதோ கீறல் விழுந்த பழைய கண்ணாடி.

“அப்ப ஒரு பிரேம் காட்டுங்க அம்மான்.”

கண்ணாடியைக் கழற்ற வந்தவளுக்கு அன்று சாயங்காலம் ஒரு புதுக் கண்ணாடி விற்றேன். ஆக்சிஸை இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்தேன்.